கிரீஸ் வைக்காத கம்ப்யூட்டர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்பு முதலாளிகள் யாரைப் பார்த்தாலும் இப்போது ஒரே பேச்சு. மெஷின் பராமரிப்புக்கு சாஃப்ட்வேர் போட்டுவிட்டார்களாம். "இனி பிரேக்டவுன் என்ற பேச்சே இல்லை சார்" என்று போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் இலைக்குப் பக்கத்து இலைக்காரர் சொன்னார். கத்தரிக்காய் பச்சடி நன்றாக இருந்தது, அதனால் அங்கே சண்டை போடவில்லை. இங்கே போடுகிறேன்.

முதலில் ஒன்று. கம்ப்யூட்டர் என்றாலே கரித்துக்கொட்டும் கிழவன் இல்லை நான். முப்பத்து மூன்று வருஷம் டேனரி மெயின்டெனன்ஸில் இருந்தவனுக்கு நோட்டுப் புத்தகத்தின் லட்சணம் நன்றாகவே தெரியும். எந்த டிரம்முக்கு எந்த நம்பர் பேரிங், பழைய இத்தாலி ஷேவிங் மெஷினுக்கு பெல்ட் எங்கே கிடைக்கும், ஸ்ப்ளிட்டிங் மெஷின் எந்த மழையில் மக்கர் பண்ணியது எல்லாம் ஒரு ஃபிட்டரின் தலைக்குள் இருக்கும். அவர் ரிட்டயர் ஆகிற அன்று சால்வையைப் போட்டு அனுப்புவோம். மறுநாள் காலையில் அந்தத் தலையைத் தேடுவோம். இதை எழுதி வைக்க, தேடி எடுக்க, ஒரு சாஃப்ட்வேர் இருந்தால் அது பெரிய உபகாரம். மறுக்கவே இல்லை.

என் சண்டை, எதற்காக வாங்குகிறார்கள் என்பதில்தான். வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் வருவார், திரையில் வரிசையாகப் பச்சை நிறம் தெரிய வேண்டும். பெரும்பாலான இடங்களில் காரணம் அவ்வளவுதான். ஓய்வுக்குப் பிறகு ஒரு தோல் ஷாப்பில் "கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். திரையில் எல்லா டிரம்முக்கும் மாதா மாதம் கிரீஸ் வைத்ததாகப் பதிவு இருந்தது. ஒரு டிக் கூட விட்டுப்போகவில்லை. தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பதிவு மாட்டுப் பொங்கல் அன்று. அன்றைக்கு ஷாப்பே பூட்டியிருந்தது, வாட்ச்மேன் மட்டும்தான் உள்ளே. கேட்டால் ஆபீஸில் இருந்த பையன் கூசாமல் சொன்னான்: "மாசக் கடைசிக்குள்ள டிக் பண்ணலைன்னா ரெட் ஆயிடும் சார். அதான் மொத்தமா போட்டுட்டேன்." அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். சிவப்பு வந்தால் திட்டும் முதலாளியிடம் வேலை செய்கிறவன் வேறென்ன செய்வான்?

இப்படி ஓடும் சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டுவதை விட, ஒரு டின் கிரீஸ் வாங்கலாம்.

இதில் வியாபார லாபம் எங்கே இருக்கிறது என்று விற்க வருகிறவர்களும் சரியாகச் சொல்வதில்லை. ரிப்பேர் செலவு குறையும் என்று கிராஃப் போட்டுக் காட்டுகிறார்கள். ரிப்பேர் செலவு ஒரு செலவா? டிரம்முக்குள் குரோம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்று டன் தோல். பினியன் ஷாஃப்டின் பேரிங் மாட்டிக்கொண்டு டிரம் நின்றுவிட்டது. மேலே கிடக்கிற தோலுக்குத் தண்ணீர் எட்டாது, அடியில் கிடப்பது ஊறிக்கொண்டே இருக்கும். அரை மணி, ஒரு மணி போனால் திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்தது போல ஆகிவிடும். கதவைத் திறந்து ஈரத்தோலை இழுத்துப் போட்டு, வேறு டிரம் காலியாக இருந்தால் அதில் ஏற்ற வேண்டும். அப்படியும் முதல் தரத்துக்குப் போகவேண்டியது மூன்றாம் தரத்தில் விழும். அதன்பின் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய தேதி தவறும். அவன் கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்புவான், அந்தக் கூலியை உங்கள் பில்லில் கழிப்பான். பேரிங்கின் விலை சில ஆயிரம்தான். இப்போது சொல்லுங்கள், கணக்கில் எழுத வேண்டியது பேரிங்கையா, தோலையா?

நான் பார்த்த சாஃப்ட்வேர்கள் எதிலும் "மெஷின் நின்றபோது உள்ளே என்ன இருந்தது" என்று ஒரு கட்டமே கிடையாது. பேரிங் எத்தனை, எத்தனை மணி நேர வேலை, அவ்வளவுதான். அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்து, பக்கத்தில் தோலின் மதிப்பை ரூபாயில் எழுதி மாதம் ஒருமுறை முதலாளி மேஜையில் வைத்தால், பராமரிப்புக்கு ஆள் போடச் சொல்லி நாம் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. ஃபிட்டருக்குத் தமிழ் தெரியும், சிலருக்கு உருது தெரியும். திரையோ இங்கிலீஷில். பழுது என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் விரியும். அதில் "மற்றவை" என்று ஒன்று இருக்கும். எல்லோரும் அதையே தொடுகிறார்கள். வருஷக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் இந்த ஷாப்பில் ஏற்படும் பழுதுகளில் முக்கால்வாசி "மற்றவை"! ஃபிட்டர் உண்மையில் சொல்ல நினைத்தது "நாலாம் நம்பர் டிரம்மில் நேற்றிலிருந்து சத்தம் மாறியிருக்கிறது" என்பது. அதற்குப் பட்டியலில் இடமில்லை. நின்றுபோவதற்கு முன்பே கிடைக்கிற தகவல் அது ஒன்றுதான். ஒரு சின்ன ஷாப்பில் வாட்ஸ்அப் குழு வைத்து ஃபிட்டர் வாயால் பேசி அனுப்புகிறார், கூடவே மெஷின் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்புகிறார். சாஃப்ட்வேர் விற்பவர்கள் அங்கே போய் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சரி, ஃபிட்டர் சொல்லியாயிற்று, பதிவும் ஆயிற்று. பேரிங் வர வேண்டுமே? கோரிக்கை ஸ்டோருக்குப் போகும், அங்கிருந்து பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ். கடைசியில் முதலாளி கையெழுத்து. முதலாளி மிலான் நகரத் தோல் கண்காட்சியில் இருப்பார். பத்து நாள் அது திரையில் மஞ்சள் நிறத்தில் மினுக்கும், பதினோராம் நாள் டிரம் நிற்கும். முன்பு இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது, இப்போது மஞ்சளாகத் தெரிகிறது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய முன்னேற்றம் இது.

இதெல்லாம் பணம். பணத்தை விடப் பெரியது ஒன்று உண்டு, நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும், தீங்கு வருமுன்பே தடுக்க வேண்டும் என்று இரண்டு கோட்பாடுகளை இந்த நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு. நம் பாலாற்றை வைத்துதான் நாடே அதைப் படித்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் வேலூர் தோல் கழிவைப் பற்றியே தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. வருமுன் தடுப்பது என்று நீதிபதி சொன்னதும், மெயின்டெனன்ஸ்காரன் சொல்வதும் ஒன்றேதான்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெம்பிரேன் அடைக்கத் தொடங்கினால் அழுத்தம் ஏறும், தண்ணீர் குறையும். தினமும் அந்த இரண்டு எண்களையும் குறித்து வந்தால் அடைப்பு வருவது முன்பே தெரியும். கம்ப்யூட்டர் அழகாகச் செய்யக்கூடிய வேலை அது. நிலையம் நின்றால் அதில் உறுப்பினரான அத்தனை ஷாப்பும் நிற்க வேண்டும். அப்படியிருந்தும் நான் பார்த்த சாஃப்ட்வேர் பட்டியல்களில் இருப்பவை மோட்டாரும் பம்பும் மட்டும். தொட்டியின் சுவர் இல்லை. வாயு கண்டறியும் கருவி இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் செத்தார்கள். பிழைக்க வந்த வங்காளத்துப் பிள்ளைகள்தான் அதிகம். சுவர் ஓடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. அதனால் அதற்குப் பராமரிப்பு இல்லையா? சல்ஃபைடு கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் என்ன வாயு வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குள் ஆளை இறக்குமுன் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்காத பதிவேடு எத்தனை பச்சையாக இருந்தால் எனக்கென்ன?

முதலாளிகள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். "பையர் விலையைக் கசக்குகிறான், ஆர்டர் இன்று உண்டு நாளை இல்லை, ஓடுகிற மெஷினை எப்படி நிறுத்துவது?" நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் நிறுத்தாவிட்டால் அதுவே நிற்கும், தோல் உள்ளே இருக்கும்போது. ஆகவே சாஃப்ட்வேர் வாங்குமுன் இரண்டு அதிகாரம் கொடுங்கள் என்பதே நான் கேட்பது. சத்தம் மாறிய டிரம்மில் அடுத்த லோடு ஏற்றாதே என்று சொல்லும் அதிகாரம் ஃபிட்டருக்கு. பத்தாயிரம் ரூபாய் வரை யாரையும் கேட்காமல் அன்றே கடையில் வாங்கும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு.

"கொடுத்தால் திருடுவார்கள்" என்றார் அந்தப் பந்திக்காரர். எங்கள் காலத்து ஸ்டோர் கீப்பர் ஒருவர், தேய்ந்த பேரிங்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால்தான் புதியதின் பில்லுக்குக் காசு கொடுப்பார். பழையதில் சாக்பீஸால் டிரம் நம்பரும் தேதியும் எழுதி அலமாரியில் அடுக்கி வைப்பார். எந்த டிரம் பேரிங்கைத் தின்கிறது என்று அந்த அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.