சுரங்கத்தில் சிக்கிய முதலாளியும் 130 டாலர் கூலியும்

நிலக்கரிச் சுரங்கம் ஒன்று இடிந்து விழுகிறது. உள்ளே சிக்கிய தொழிலாளி படுகாயங்களுடன் மீட்கப்பட்டு மருத்துவமனையில் கிடக்கிறார். சுரங்கத்தில் பாதுகாப்பு இல்லை என்று தொழிலாளர்கள் முறையிட்டும் எவரும் செவிசாய்க்கவில்லை என்கிறார் அவர். தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்கிறார் முதலாளி. முதலாளியின் மாளிகையில் விருந்து நடக்கிறது. பகட்டான உடையணிந்த விருந்தினர்களை அழைத்துக்கொண்டு கேளிக்கையை நிலத்தடிக்கே மாற்றுகிறார் அவர். தொழிலாளி உடையில் அங்கே நுழைந்திருந்த ஒருவன் வழியை இடித்து அடைத்துவிடுகிறான். முதலாளி அபாய மணியை இயக்கிப் பார்க்கிறார். அது வேலை செய்யவில்லை. வாழ்நாளில் கருவி பிடித்தறியாத கைகள் மண்ணைத் தோண்டத் தொடங்குகின்றன. சிறிது நேரத்தில் சோர்ந்து விழுகின்றன. மீட்கப்பட்ட பின், தமது சுரங்கத்தை நாட்டிலேயே பாதுகாப்பானதாக மாற்றுவதாக முதலாளி உறுதியளிக்கிறார்.

இக்கதையைக் கேட்பவர் ஏதோ தொழிற்சங்க நாடகக் குழுவின் படைப்பு என்று எண்ணக்கூடும். 1938 ஆகஸ்ட் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' மூன்றாம் இதழில் வெளியான சூப்பர்மேன் கதை இது. தொழிலாளி உடையில் வந்தவன்தான் சூப்பர்மேன். அவனுடைய புகழ்பெற்ற நீலச் சிவப்பு உடைக்கு இக்கதையில் ஏறக்குறைய வேலையே இல்லை.

இன்று சூப்பர் ஹீரோ திரைப்படங்கள் உலகச் சந்தையை ஆளும் பெருநிறுவனச் சரக்குகள். அமெரிக்க மேலாதிக்கத்தின் பண்பாட்டு முகமென்று அவற்றை ஒதுக்கிவிடும் போக்கு இடதுசாரி வாசகரிடையே உண்டு. அந்த மதிப்பீட்டில் உண்மை இருக்கிறது. ஆயினும் அந்தச் சரக்கு எங்கே தொடங்கியது, எவ்வாறு மாற்றப்பட்டது என்ற வரலாற்றில் கற்க வேண்டியவை பல உள்ளன.

பெருமந்தத்தின் பிள்ளை

சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1914இல் பிறந்தவர்கள். யூதப் புலம்பெயர் குடும்பங்களின் பிள்ளைகள். ஒஹாயோ மாநிலத்தின் தொழில்நகரமான க்ளீவ்லாந்தில், 1929இல் தொடங்கிய பெருமந்தத்தின் நடுவே இளமையைக் கழித்தவர்கள். அவர்களுடைய நாயகன் 1938 ஜூன் இதழில் ஒடுக்கப்பட்டோரின் காவலனாகவே அறிமுகமானான். நிரபராதியான பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்தான். மனைவியை அடித்துத் துன்புறுத்தியவனைத் தண்டித்தான்.

அடுத்த இதழில் ஆயுத உற்பத்தியாளர் ஒருவரைப் பிடிக்கிறான். அந்தப் பெருமகனை ஒரு கற்பனை நாட்டின் போர்முனைக்குக் கொண்டுசென்று படைவீரனாகச் சேர வைக்கிறான். தாம் விற்ற குண்டுகள் தம் தலைக்கு மேலேயே வெடித்தபோது, இனி ஆயுதத் தொழிலே வேண்டாம் என்கிறார் அவர். பிறகு எதிரெதிர்ப் படைகளின் தளபதிகள் இருவரையும் தூக்கிவந்து, உங்களுக்குள் சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான் சூப்பர்மேன். எதற்காகப் போரிடுகிறோம் என்பதே தெரியாமல் இருவரும் விழிக்கின்றனர். ஆயுத வணிகரின் லாபத்துக்காகவே போர் மூட்டப்பட்டது என்பது கதையின் முடிவு. சிறுவர்களுக்கான பத்து சென்ட் இதழில் வந்த கதை இது.

1939 ஜனவரி இதழ் இன்னும் வியப்பானது. சேரிப்பகுதிச் சிறுவர்கள் குற்றத்துக்குத் தள்ளப்படுவது ஏன் என்று சூப்பர்மேன் சிந்திக்கிறான். அவர்கள் வாழும் இடமே காரணம் என்ற முடிவுக்கு வருகிறான். புயலில் வீடிழந்தோருக்கு அரசு புது வீடு கட்டித் தந்த செய்தி அவன் கண்ணில் படுகிறது. உடனே மக்களை வெளியேறச் செய்துவிட்டு, பாழடைந்த குடியிருப்புகளைத் தானே இடிக்கத் தொடங்குகிறான். அவனைத் தாக்க வந்த விமானங்கள் வீசும் குண்டுகளும் இடிப்பு வேலையை எளிதாக்குகின்றன. வேறு வழியின்றி அரசு அங்கே நவீன அடுக்குமாடி வீடுகளை ஏழைகளுக்குக் கட்டித் தருகிறது. அதே ஆண்டு மே மாத இதழில், மட்டமான உலோகத்தால் கார் செய்து விபத்துக்கு வழிவகுத்த தொழிற்சாலையை உடைத்து நொறுக்குகிறான். நகர மேயரைப் பிணவறைக்கு இழுத்துச் சென்று விபத்தில் இறந்தோரைக் காட்டுகிறான்.

தனியொருவனின் எல்லை

இக்கதைகளைப் புரட்சிகர இலக்கியமென்று கொண்டாடிவிட முடியாது. சுரங்கக் கதையில் தொழிற்சங்கம் இல்லை. முதலாளியின் மனம் மாறியவுடன் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. சேரிக் கதையில் அங்கே வாழ்வோரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. ஒரு பலசாலி தீர்மானிக்கிறான். மற்றவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறுகிறார்கள். குடியிருப்புகள்மீது புல்டோசர் ஏறுவதை வீரமென்று கைதட்டும் அரசியல் வளர்ந்துள்ள நாட்டில் இதைப் படிப்பவருக்கு நெருடல் ஏற்படாமல் போகாது. தண்டனையாக வீடுகளை இடிப்பது சட்டவிரோதம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கூற வேண்டியிருந்தது. கதையில் இடிப்புக்குப் பின் வீடு எழுந்தது. நடப்பில் பெரும்பாலும் வீதிதான் மிஞ்சுகிறது.

அக்காலத்தில் உண்மையான மாற்றத்தை ஏற்படுத்தியவர்கள் வேறு. 1936 டிசம்பர் முதல் 1937 பிப்ரவரி வரை மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து தொழிலாளர்கள் 44 நாட்கள் போராடினர். சங்கத்தை அங்கீகரிக்க வைத்தனர். 1937 மே 30 அன்று சிகாகோவில் உருக்காலைத் தொழிலாளர்கள்மீது காவல்துறை சுட்டதில் 10 பேர் உயிரிழந்தனர். கார் ஆலையை நொறுக்கும் நாயகன் கற்பனையில் பிறப்பதற்கு முன்பே, ஆலையை நொறுக்காமல் நிறுத்திக் காட்டும் வலிமையைத் தொழிலாளி வர்க்கம் வெளிப்படுத்திவிட்டது. சூப்பர்மேனின் கோபம் அந்தக் காலத்துத் தெருக்களிலிருந்து வந்தது. அந்தத் தெருக்களில் இருந்த அமைப்பு மட்டும் கதைக்குள் வரவில்லை.

கோபம் போய் எறும்புத் தலை வந்தது

விற்பனை பெருகப் பெருக நாயகனின் கோபம் குறைந்தது. 1940 தொடங்கிப் பதிப்பகத்தின் கட்டுப்பாடு இறுகியது. 1942இல் வானொலித் தொடர், உண்மைக்கும் நீதிக்கும் போராடியவனை அமெரிக்க வாழ்நெறிக்காகவும் போராடுபவனாக அறிவித்தது. உலகப் போர்க்காலத்தில் அந்தச் சொற்களுக்குப் பாசிச எதிர்ப்பு என்ற பொருளும் இருந்தது. 1946இல் அதே வானொலித் தொடர், கு கிளக்ஸ் கிளானை நினைவூட்டும் வெறுப்புக் கும்பலைச் சூப்பர்மேன் எதிர்ப்பதாக 16 பகுதிகளை ஒலிபரப்பியது என்பதையும் மறக்கலாகாது.

பனிப்போர் எல்லாவற்றையும் மாற்றியது. 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்திய கேப்டன் அமெரிக்கா, 1954இல் கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவன் என்ற பட்டத்துடன் திரும்பி வந்தான். மூன்றே இதழ்களில் அந்த முயற்சி முடிந்தது. அதே ஆண்டில் அமெரிக்க செனட் துணைக்குழு, சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸ் காரணமா என்று விசாரித்தது. அஞ்சிய பதிப்பகங்கள் தாமே 'காமிக்ஸ் நெறிமுறை' ஒன்றை வகுத்துக்கொண்டன. காவலர், நீதிபதி, அரசு அதிகாரிகள் ஆகியோர்மீது மதிப்புக் குறையும்படி எதையும் சித்திரிக்கக் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1956இல், ஒரு விண்வெளிக் கதையின் கடைசிப் படத்தில் விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருப்பதற்கே நெறிமுறை அலுவலர் மறுப்புத் தெரிவித்தார். பதிப்பாளர் பணிய மறுத்து அக்கதையை அப்படியே வெளியிட்டார்.

அதன்பின் சூப்பர்மேன் எதிர்கொண்ட சிக்கல்கள் விந்தையானவை. 1958இல் அவன் தலை சிங்கத்தலையாக மாறியது. 1963இல் எறும்புத்தலையாக மாறியது. அவனுடைய நண்பன் ஜிம்மி ஆல்சன் 1961இல் மாபெரும் ஆமை மனிதனானான். பழைய காமிக்ஸ் ரசிகர்கள் இன்று சிரித்து மகிழும் இக்கதைகள் வெறும் பித்துக்குளித்தனம் போலத் தோன்றும். சுரங்க முதலாளியையும் ஆயுத வணிகரையும் ஊழல் அதிகாரியையும் தொட முடியாத நாயகனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? எல்லையற்ற வலிமை உடையவனின் ஆற்றலைத் தன் தலையை மீட்பதிலேயே செலவிட வைத்தார்கள்.

ஒரு நாள் கறுப்பினப் பெண்

குடியுரிமை இயக்கமும் வியட்நாம் போர் எதிர்ப்பும் அமெரிக்காவை உலுக்கியபின் சமூகம் மீண்டும் கதைகளுக்குள் நுழைந்தது. 1970 நவம்பரில் வந்த கதையில் செய்தியாளர் லோயிஸ் லேன் கறுப்பின மக்களின் பகுதிக்குச் செய்தி சேகரிக்கச் செல்கிறாள். எவரும் அவளிடம் பேசவில்லை. உடனே சூப்பர்மேனின் இயந்திரம் ஒன்றின் துணையால் 24 மணி நேரத்துக்குக் கறுப்பினப் பெண்ணாக மாறுகிறாள். வழக்கமாக நிற்கும் வாடகைக் கார் அவளைக் கண்டும் நிற்காமல் போகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒடுக்குமுறை, போட்டுக் கழற்றும் உடையாகிவிடுகிறது. தலித் வீட்டில் ஒரு வேளை உணவருந்திப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பிழை எளிதில் விளங்கும்.

இதைவிடக் கூர்மையான கதை அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. பச்சை விளக்கு நாயகனான கிரீன் லாண்டர்ன், கும்பலிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றப்பட்டவர் ஏழைகளை வீட்டைவிட்டு வெளியேற்றத் துடிக்கும் வீட்டு உரிமையாளர். கும்பலோ அங்கே குடியிருப்போர். நீல நிறத்தாருக்கும் ஆரஞ்சு நிறத்தாருக்கும் வேறு கோள்களில் உதவிய நீ, கறுப்பு நிறத்தாருக்கு என்ன செய்தாய் என்று முதிய கறுப்பினத்தவர் ஒருவர் கேட்கிறார். நாயகன் தலைகுனிகிறான். சட்டமும் ஒழுங்கும் யாருடைய சொத்தைக் காக்கின்றன என்ற கேள்வி, 1939இன் சேரிக் கதைக்கு 31 ஆண்டுகள் கழித்து மீண்டும் எழுந்தது.

படைத்தவர்களுக்குக் கிடைத்தது

எல்லாவற்றினும் விந்தையான கதை அச்சில் வந்த படங்களுக்கு வெளியே நடந்தது. சூப்பர்மேனின் முதல் 13 பக்கக் கதைக்கும் அவன்மீதான அனைத்து உரிமைகளுக்கும் சேர்த்துச் சீகலும் ஷஸ்டரும் பெற்ற தொகை 130 டாலர். பக்கத்துக்கு 10 டாலர் கூலி. 1947இல் அவர்கள் உரிமை கோரி வழக்குத் தொடர்ந்தனர், வேலையை இழந்தனர், கதைகளிலிருந்து அவர்களுடைய பெயர்களும் நீக்கப்பட்டன. பார்வை மங்கிய ஷஸ்டரின் ஓவியத் தொழில் முடங்கியது. சீகல் பின்னாளில் தட்டச்சராக வேலை பார்த்தார். சூப்பர்மேன் பெருஞ்செலவில் திரைப்படமாகவிருந்த வேளையில், 1975இல், சீகல் தமக்கு நேர்ந்த அநீதியை ஊடகங்களுக்கு எழுதினார். ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒன்றுதிரண்டு அவர்களுக்காகக் குரல் கொடுத்தனர். அதன் பின்னரே இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. அந்த முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்த வரலாற்றுக்குத் தமிழ் வாசகருடனும் ஓர் இழை உண்டு. 1965 முதல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் வந்த 'ஸ்பைடர்' தொடரின் பல கதைகளை எழுதியவர் இதே சீகல்தான். எழுதியவர் பெயரை அச்சிடும் வழக்கம் அந்த இதழ்களுக்கு இல்லை. 1980களில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் வழியே ஸ்பைடரைத் தமிழில் படித்து மகிழ்ந்த சிறுவர்களுக்கு, சூப்பர்மேனைப் பறிகொடுத்த மனிதனின் கதையைத்தான் படிக்கிறோம் என்று தெரிய வாய்ப்பே இருக்கவில்லை.

இந்தியாவிலும் திரைப்பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் தமக்குரிய சமபங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்ற பாதுகாப்பு 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் வரை இல்லை. மாத ஊதியத்துக்கு வேலை செய்யும் ஓவியரும் எழுத்தாளரும் பணியின்போது படைப்பவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, இன்றும் வேலை கொடுப்பவரே முதல் உரிமையாளர். பண்பாட்டுத் தளத்தில் உழைப்போரும் தொழிலாளர்களே. அவர்களைச் சங்கமாக்கும் பணி இடதுசாரி இயக்கத்துக்கு முன்னே காத்திருக்கிறது. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வையும், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதில் கட்டுப்பாடுகளையும் பெற்றனர். சீகல் தனியாகத் தோற்ற இடத்தில் அவர்கள் சங்கமாக வென்றனர்.

அதே 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் சிக்கிக் கிடந்தனர். இறக்குமதி செய்யப்பட்ட ராட்சத இயந்திரம் உடைந்து நின்றது. கடைசிச் சில மீட்டர்களைக் கைக்கருவிகளால் தோண்டி அவர்களை வெளியே கொண்டுவந்தவர்கள், 'எலிவளை'த் தொழிலாளர்கள் என்று அழைக்கப்பட்ட ஏழை உழைப்பாளிகள். 1938இன் கதையில் முதலாளிக்குப் பாடம் புகட்ட வேற்றுக்கோள் மனிதன் தேவைப்பட்டான். சில்க்யாராவில் வானிலிருந்து எவரும் வரவில்லை. தொழிலாளரைத் தொழிலாளரே மீட்டனர்.