இரண்டாம் இடம் கொடுத்தது யார்?

கோயமுத்தூரில் விருந்தாளிக்கு முதல் டம்ளர் தண்ணீரை நீட்டும்போது கூடவே ஒரு பேச்சும் வரும். "குடிச்சுப் பாருங்க, சிறுவாணித் தண்ணி. உலகத்துலயே ரெண்டாவது ருசிங்க." அப்பிச்சி சொன்னார், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார், பிறகு நானும் வெளியூர் நண்பர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முதலிடம் எதற்கு என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு ஆறு வரும். நைல் என்பார் ஒருவர். வேறொருவர் பெயரே இல்லாமல், ஆப்பிரிக்காவில் ஏதோ ஒன்று என்பார்.

இந்தப் பட்டத்துக்கு ஆதாரம் கிடையாது. உலகத்து ஆறுகளை ருசிப்படி வரிசைப்படுத்த வேண்டுமென்றால், ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் மொண்டு வந்து, ஒரே குளிர்ச்சியில் வைத்து, எது எந்த ஊர்த் தண்ணீர் என்று தெரியாதவர்களிடம் குடிக்கக் கொடுக்க வேண்டும். யார் செய்தார்கள், எந்த வருடம், எத்தனை ஆறுகள்? இத்தனை வருடங்களில் என்னிடம் ஒருவரும் இதற்குப் பதில் சொன்னதில்லை. தண்ணீருக்கென்று போட்டிகள் நடப்பது உண்மைதான். அமெரிக்காவின் பெர்க்லி ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் 1991 முதல் நடக்கிறது. அந்த வருடம் வந்து சேர்ந்த ஊர்க் குழாய்த் தண்ணீரிலும் பாட்டில் தண்ணீரிலும் எது நன்றாக இருக்கிறதென்று அங்கே பரிசு கொடுக்கிறார்கள். உலகத்து ஆறுகளுக்கு அவர்கள் ரேங்க் போடுவதில்லை.

இப்படிப்பட்ட நம்பிக்கைகளைச் சிரிக்கச் சிரிக்க உடைக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் அமெரிக்காவில் வந்ததுண்டு. ஆடம் கானோவர் 2015இல் தொடங்கிய 'ஆடம் ருயின்ஸ் எவ்ரிதிங்' தொடரில், அவர் ஒன்றை மறுத்துப் பேசும்போதே அதற்கான ஆதாரம் திரையில் எழுத்தாக வந்து நிற்கும். அவருக்கு முன்பே, மந்திர வித்தைக்காரர்களான பென்னும் டெல்லரும் 2003இல் தங்கள் தொடரில் தண்ணீரையே எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் ஓர் உயர்தர உணவகம். தண்ணீருக்கென்று தனி மெனு, பரிமாறத் தனி ஆள், அழகழகான பாட்டில்கள். ஒன்றுக்கு 'லோ து ரோபினே' என்று பெயர். பிரெஞ்சில் குழாய்த் தண்ணீர் என்று அர்த்தம். சாப்பிட வந்தவர்கள் குடித்துப் பார்த்து, இது மலைச்சுனை போல, இது இன்னும் மென்மை என்று வியந்தார்கள். எல்லா பாட்டிலிலும் இருந்தது உணவகத்தின் பின்புறம் தோட்டத்து ஹோஸ் பைப்பில் பிடித்த தண்ணீர். தங்களுக்குச் சொல்லப்பட்ட பெயரைத்தான் அவர்களின் நாக்கு ருசித்தது. அந்தக் காட்சியைப் பார்த்தபோது எங்கள் வீட்டுக் கூடம் என் நினைவுக்கு வந்தது.

சிறுவாணித் தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை என்று நான் சொல்லவில்லை. மிக நல்ல தண்ணீர். அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம்தான் நாம் சொல்லித் திரிய வேண்டியது. முத்திக்குளம் மலையின் பசுமைமாறாக் காட்டில் விழும் மழை கடினமான பாறை மேல் ஓடி வருகிறது. வழியில் கரைவதற்குச் சுண்ணாம்பும் உப்பும் அதிகம் இல்லை. நம் சமவெளிப் போர்வெல் தண்ணீரோ பாறை இடுக்கில் வருடக்கணக்கில் கிடந்து உப்பேறியது. அதனால்தான் கொங்கு வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குடங்கள். உப்புத் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் சரியாக வேகாது. சிறுவாணித் தண்ணீரில் வைத்த அரிசிம்பருப்புச் சாதம் குழைந்து வரும். இதை அமுச்சிகள் எந்தப் பட்டத்தின் துணையும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பெருமைக்குச் சொல்லும் ஒரு வார்த்தைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். என் கோபமே அங்கேதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் மற்ற எல்லாவற்றையும் மறந்திருக்கிறோம். மலையேறிப் போய் இந்த நீரைக் கொண்டுவரலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வாதாடிய பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடுவின் பெயர் இன்று எத்தனை வீடுகளில் தெரியும்? திட்டத்தை நிறைவேற்றப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியார், ஆர்.எஸ். புரம் என்ற பேட்டைப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குள் ஒளிந்துபோனார். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில். 1973இல் இரு மாநிலங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 டிஎம்சி நமக்கு வரவேண்டும். அணையில் எந்த மட்டம் வரை நீரைத் தேக்கலாம் என்று இன்றும் இழுபறி நடக்கிறது. 2017 கோடையில் அணை அடிமட்டத்துக்கு வற்றி, நகரம் காலிக் குடத்தோடு நின்றது. அந்தக் கோடையிலும் ரெண்டாவது ருசி என்ற பேச்சு நிற்கவில்லை.

நகரத்தின் பெரும்பகுதி சிறுவாணியைக் குடிப்பதே இல்லை. பீளமேடு, சரவணம்பட்டி பக்கமெல்லாம் பில்லூர்த் தண்ணீர். குறிச்சி, குனியமுத்தூருக்கு ஆழியாறு. மேற்கே வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலோ நம் சாக்கடைகளையும் திருப்பூர்ச் சாயத்தையும் சுமந்துகொண்டு போனது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப்போனது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. சிறுவாணியும் நொய்யலும் ஏறக்குறைய ஒரே மலைத்தொடரின் பிள்ளைகள். ஒன்றுக்குப் பட்டம் கட்டினோம், மற்றொன்றைக் கொன்றோம்.

போன பொங்கலுக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது மூன்று சொம்புகளில் தண்ணீர் வைத்தேன். ஒன்று வடவள்ளிச் சித்தப்பா வீட்டுச் சிறுவாணி, ஒன்று எங்கள் வீட்டுப் பில்லூர், ஒன்று கடையில் வாங்கிய கேன். எது எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பது வருடம் சிறுவாணி குடித்த அத்தை மூன்றையும் நிதானமாகக் குடித்துவிட்டு, நடுச்சொம்பைத் தொட்டு, "இதாங் கண்ணு சிறுவாணி. எனக்குத் தெரியாதா?" என்றார்.

அது பில்லூர்.

சொன்னதும் அத்தையின் முகம் வாடியது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தப் பில்லூர்த் தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்டார். தண்ணீர் வரும் வழியை அத்தை கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் இறங்கி, திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூர் அணையில் தேங்குகிறது என்று சொன்னேன். அட்டப்பாடியில் அதனோடு வந்து கலக்கும் ஆறுகளில் ஒன்று, அணையைத் தாண்டி ஓடிவரும் சிறுவாணி என்பதையும் சொன்னேன்.

"அப்ப இதுலயும் அது கலந்துதான் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு அத்தை நடுச்சொம்பை மறுபடி எடுத்தார்.