அந்தச் செக்கைத் திருப்பிக் கொடுங்கண்ணா

நான் பணத்தைக் கொடுத்துவிட்டேன். எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் இதை! வக்கீலிடம் சொன்னேன். வீட்டு வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னேன். கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம்கூடச் சொன்னேன். எல்லோரும் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரசீது இருக்கா?"

இல்லை.

திருப்பூரில் ஆறு மெஷின் போட்டு நைட்பேண்ட் தைத்து விற்றுவந்தேன். துணியைக் கடனுக்குத் தந்தவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கொடுத்த 1,80,000 ரூபாய் செக், எனக்கு வரவேண்டிய பணம் வராததால் பணமில்லை என்று திரும்பிவிட்டது. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது. கையில் வாங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டவேண்டும் என்றார்கள். இரண்டு ஓவர்லாக் மெஷினை வந்த விலைக்குத் தள்ளினேன். மீதிக்கு என் வளையல். பதினோராம் நாள், மஞ்சள் பையில் ரொக்கமாகக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். செக்கைக் கேட்டேன்.

"செக்கு வக்கீல்கிட்ட இருக்குது அம்மிணி, வாங்கி வெக்கறேன். நமக்குள்ள ரசீதெல்லாம் எதுக்கு?"

நமக்குள்ள! அந்த ஒரு சொல்லில் வாயடைத்துப் போனேன். வளையலை அடகு வைத்ததற்கு ரசீது வைத்திருக்கிறேன். மெஷினை ஏற்றிப்போன வண்டி வாடகைச் சீட்டுகூட இருக்கிறது. ஆறு வருடம் உட்கார்ந்து தைத்துச் சேர்த்ததை அள்ளிக் கொடுத்த இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கேட்க எனக்கு ஏன் கூச்சம்?

அதற்கப்புறம் செக் வரவில்லை. கேட்டால் நாளைக்கு, அடுத்த வாரம். அதே செக்கை வைத்து அவர் கேஸ் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. வாடகை கட்டமுடியாமல் வீடு மாறியிருந்தேன், சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு பிடிவாரண்டோடு வந்தார்கள். காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகன், "என்னம்மா பண்ணுனீங்க?" என்றான். என்ன பண்ணினேன்? கடனை அடைத்தேன். அதைத்தானே பண்ணினேன்?

வாரண்டை ரீகால் பண்ணவே ஒரு தொகை போயிற்று. செக்கில் என் கையெழுத்து இருப்பதால், கடன் இருக்கிறது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளுமாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-வது பிரிவு அது. இல்லை என்று நான்தான் காட்டவேண்டும். தோற்றால் இரண்டு வருடம் வரை ஜெயில், இல்லாவிட்டால் செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கேஸ் முடியுமுன்னே 20 சதவீதம் இடைக்காலமாகக் கட்டச் சொல்லி இப்போது மனு போட்டிருக்கிறார். கொடுத்த பணத்துக்கு மேல் இன்னும் 36,000! எங்கே போவேன்? மிச்சமிருப்பது நாலு மெஷின். அதையும் விற்கவா?

"ரொக்கமா ஏம்மா கொடுத்தீங்க, பேங்க் மூலமா போட்டிருக்கலாமே" என்கிறார் வக்கீல். அசல் செக்கையும், செக் திரும்பியபோது பேங்க் தந்த ரிட்டர்ன் மெமோவையும் கையில் வாங்கிக்கொண்டு பணம் தந்திருக்கவேண்டும். இந்த நம்பர் செக்குக்கு, இந்தத் தேதியில், முழுப் பாக்கியும் தீர்ந்தது என்று கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும். செக்யூரிட்டிக்கென்று எழுதாமல் கொடுத்த இரண்டு செக்கையும் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். வெறும் கையெழுத்துப் போட்ட செக்கும் செல்லும் என்று 2019-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாம். அந்த இரண்டும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அவர் ரசீது தர மறுத்திருந்தால், பணம் கொடுத்த விவரத்தை எழுதி பதில் நோட்டீஸாவது பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கலாமாம். கேஸ் போட்ட பிறகு சமாதானம் ஆனால், இரண்டு பேரும் கோர்ட்டில் எழுதிக்கொடுத்து நீதிபதி உத்தரவு போடும்வரை வாய்தாவுக்குப் போவதை நிறுத்தவே கூடாதாம். லோக் அதாலத்தில் முடித்தால் அதன்மேல் அப்பீலும் கிடையாதாம். இத்தனை வழி இருந்திருக்கிறது. ஒன்றாவது எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

கடன் வாங்கியவள் ரசீது கேட்டால் திமிர் என்கிறீர்கள். கேட்காவிட்டால் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நாங்கள் எப்படித்தான் நடந்துகொள்வது? என்னைப்போல இன்று பணத்தோடு எந்த அக்கா எந்தக் கடைப் படியேறுகிறாளோ! அக்கா, செக்கைக் கையில் வாங்காமல் பையைத் திறக்காதே. கோபித்துக்கொள்வார், முகத்தைத் திருப்புவார், திருப்பட்டும்.

அண்ணா, அடுத்த வாய்தா 17-ஆம் தேதி. பணத்தை எண்ணி வாங்கிய அன்று மஞ்சள் பையை உதறி மடித்து, "டீ குடிச்சிட்டுப் போ அம்மிணி" என்று என் கையில் கொடுத்தீர்களே. அதே பையில்தான் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள், பணம் வாங்கவில்லை என்று.