கருவியும் பேச வேண்டும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில், ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளை மாற்றினால் புடவையின் பூ மாறிவிடும், தறி அதேதான். கணினி விளையாட்டில் ‘மாட்’ என்பதும் இப்படித்தான். விளையாட்டைத் தயாரித்த நிறுவனம் செய்யாததை, ஆர்வலர் ஒருவர் வெளியிலிருந்தே சேர்த்துவிடுகிறார்.

பார்வையற்றவர்களுக்குப் பல விளையாட்டுகளின் கதவைத் திறந்துவிட்டவை இந்த மாட்கள்தாம். 2016இல் வெளியான ‘ஸ்டார்டியூ வேலி’ முழுக்கப் படத்தை நம்பிய பண்ணை விளையாட்டு. தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஸ்டார்டியூ ஆக்சஸ்’, எதிரே இருப்பது கல்லா, மரமா, தண்ணீர் ஊற்ற வேண்டிய செடியா என்று, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வழியே சொல்லிவிடுகிறது. 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ போல, 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளை நிறுவனமே தருவது இன்றும் அபூர்வம்.

சிக்கல் விளையாட்டுக்கு முன்பே தொடங்குகிறது.

மாட்களை நிறுவ உதவும் மென்பொருள்கள் சிலவற்றில் டேப் விசையை அழுத்தினால் ‘பட்டன், பட்டன்’ என்று மட்டுமே கேட்கும். எது நிறுவ, எது நீக்க என்று தெரியாது. மாட்களின் வரிசையை மவுஸால் இழுத்துத்தான் மாற்ற வேண்டும். பிழை வந்தால் சிவப்புக் குறி ஒன்று தோன்றும். அது யார் காதிலும் விழாது. இதற்கு நேர்மாறானது ஸ்டார்டியூ மாட்களை இயக்கும் ‘ஸ்மாபி’. அதன் நிறுவியில் எழுத்து மட்டுமே வரும். எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் போதும்.

பார்வையற்றவர்களும் கையாளும்படி கருவிகளை அமைப்பதைச் சலுகையாகப் பார்ப்பது தவறு. உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் என்விடிஏ திரைவாசிப்பானை 2006இல் தொடங்கியவர் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். அதில் தமிழும் ஒலிக்கிறது. கருவி கைக்கு எட்டினால் பார்வையற்றவர் பயனாளியாக மட்டும் நிற்பதில்லை, படைப்பாளியாகவும் ஆகிறார். விளையாட்டுகளை உருவாக்கும் கோடோ மென்பொருள், 2025 செப்டம்பரில் வந்த 4.5 பதிப்பில் திரைவாசிப்பானுக்கு இடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தியாவில் சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுகலை வலியுறுத்துகிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வங்கிச் செயலிக்குப் பொருந்தும் இந்த உரிமை, இளைஞர்கள் தொழில் கற்கும் விளையாட்டு மென்பொருள்களை மட்டும் எப்படி விட்டுவிட முடியும்?

செய்ய வேண்டியவை எளியவை. ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர், மவுஸால் செய்யும் ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகை வழி, பிழைச் செய்தி எழுத்தில். விளையாட்டுத் துறையை வளர்க்க அரசு பணம் ஒதுக்கும்போது இம்மூன்றையும் நிபந்தனையாக்க வேண்டும். பூந்தமல்லியில் உள்ள பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் போன்ற இடங்களில் மாட் எழுதும் பயிற்சியைத் தொடங்கலாம். அங்கு பயில்வோரிடமே, உரிய ஊதியம் தந்து, கருவிகளைச் சோதிக்கும் பணியையும் ஒப்படைக்கலாம்.