கை வைப்பதற்கு முன் கேள்வி

முதுகுவலியோடு வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிற் சிலர், "ஆஸ்டியோபதி செய்துகொள்ளலாமா?" என்று வினவுகின்றனர். அதனை எலும்பு முறிவு மருத்துவம் என எண்ணுவோரும் உளர். சுளுக்கு எடுப்பதற்கு வேறொரு பெயர் எனக் கருதுவோரும் உளர். இரண்டும் சரியல்ல.

தசை, மூட்டு, முதுகெலும்பு ஆகியவற்றைக் கைகளால் ஆராய்ந்து, கைகளாலேயே இறுக்கம் தளர்த்தும் முறையே ஆஸ்டியோபதி. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874ஆம் ஆண்டு இதனை முன்வைத்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் இதற்கென முதற்கல்லூரியை நிறுவினார். இன்று அந்நாட்டில் இப்பட்டம் பெற்றோர் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர்கள். பிரிட்டனிலோ அவர்கள் கைச்சிகிச்சையாளர்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றோர் மட்டுமே அப்பெயரைப் பயன்படுத்தலாம். ஒரே பெயர் இடத்துக்கு இடம் வெவ்வேறு பயிற்சியைக் குறிக்கிறது. ஆகவே, பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், "எங்கே, எத்தனை ஆண்டுகள் பயின்றீர்கள்?" என்று கேளுங்கள். அது அவமரியாதை ஆகாது.

நல்ல சிகிச்சையாளர் முதற்சந்திப்பில் உடனே கை வைப்பதில்லை. வலி எப்போது தொடங்கியது, என்னென்ன நோய்கள் உள்ளன, எந்த மருந்துகளை உட்கொள்கிறீர்கள் என்று விரிவாகக் கேட்பார்; நிற்கவும் குனியவும் செய்து பார்ப்பார்; செய்யப்போவதை விளக்கி உங்கள் இசைவைப் பெறுவார். பிறகு தசையை நீவுதல், இழுத்து நீட்டுதல், மூட்டை மெல்ல அசைத்தல் ஆகியவை நிகழும். சில வேளைகளில் விரைவாக ஓர் அழுத்தம் தருவதால் 'சொடக்' என ஒலி எழலாம். மூட்டு நீரில் உண்டாகும் வாயுக்குமிழியே அதற்குக் காரணம். விலகிய எலும்பு தன் இடத்தில் அமர்ந்ததாகப் பொருளில்லை. ஒலியைக் குணமென்று எண்ண வேண்டாம். ஓரிரு நாள் உடல்நோவு இருப்பது இயல்பு.

நாட்பட்ட கீழ்முதுகு வலியில் இம்முறை ஓரளவு துணைபுரியலாம். ஆயினும் கைச்சிகிச்சை தனித்து நிற்பதன்று. உடற்பயிற்சியோடு இணையும்போதே பயன்தரும் என்பது என் கருத்து. ஆஸ்துமா முதலான உள்ளுறுப்பு நோய்களையும் இதனாலேயே தீர்ப்பதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கை தேவை. அதற்குப் போதிய சான்று இல்லை. மருத்துவர் எழுதிய மருந்தை அவர்கள் சொல்கேட்டு நிறுத்தாதீர்கள்.

எலும்புத் தேய்வு, எலும்பு முறிவு, புற்றுநோய் உள்ளவர்களும், இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோரும் முதலில் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். கழுத்தை வெடுக்கெனத் திருப்புவது, அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயைக் கிழித்துப் பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். முடிதிருத்தகத்தில் விளையாட்டாகக் கழுத்தை முறிப்பதற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். முதுகுவலியுடன் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமற் போனாலோ, சிறுநீர் வராமல் தடைப்பட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ ஒரு நாளும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ சேர்ந்திருந்தாலும் முதலில் மருத்துவரிடமே காட்டுங்கள்.

சில அமர்வுகளுக்குப் பிறகு உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இரவில் உறங்க முடிகிறதா? தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடிகிறதா? மாற்றம் இல்லையெனில் நிறுத்திவிட்டு வலியின் காரணத்தை மீண்டும் ஆராய வேண்டும். "இது என் கைக்கு உரியதன்று, மருத்துவரிடம் செல்லுங்கள்" என்று தயங்காமல் சொல்பவரிடமே உங்கள் முதுகை நம்பி ஒப்படைக்கலாம்.