எண்ணிக்கை யார் கையில்?

கொரிய நாட்டுப் பாட்டு தருமபுரி மாவட்டத்து இளைஞரின் காதிலும் ஒலிக்கிறது! ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் பேருந்திலே, கைப்பேசியில் அந்தப் பாட்டு. மொழி புரியவில்லை, மனம் இலயிக்கிறது. "இதென்ன கூத்து?" என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாம் இல்லை.

ஏன் முகஞ்சுளிக்க வேண்டும்? கொரிய மொழி பேசுவோர் ஏறத்தாழ 8 கோடிப் பேர். தமிழ் பேசுவோரும் ஏறத்தாழ அந்த அளவினரே. அவர்கள் தம் மொழியிலேயே பாடினார்கள், உலகம் கேட்டது! சை என்ற பாடகரின் 'கங்னம் ஸ்டைல்', 2012-இல் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் காணொளியாயிற்று. உலகை எட்ட வேண்டுமானால் இன்னொரு மொழியைத் தோளில் சுமந்தாக வேண்டும் என்று நமக்குப் பாடம் நடத்துவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

பாட்டு இனிக்கட்டும். நாம் பேச வந்தது பாட்டின் பின்னால் வரும் எண்ணைப் பற்றி! எந்தப் பாட்டு முதலிடம், எத்தனை மணி நேரத்தில் எத்தனை கோடி என்ற கணக்கு, இன்று பாட்டைவிடப் பெரிதாகிவிட்டது. தம் குழுவின் எண் ஏற வேண்டுமென்று, உறக்கம் துறந்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள் இரசிகர்கள். பிடித்ததால் எண் ஏறியது ஒரு காலம். எண் ஏறுவதற்காகவே கேட்பது இந்தக் காலம்.

எண்ணுக்கு விலை பிறந்தால் எண்ணை விற்பவனும் பிறப்பான். தென்கொரியாவில் அதுதான் நடந்தது. காசைக் கொட்டி மொத்தமாக வாங்கிப் பட்டியலில் ஏறும் மோசடிக்கு அங்கே 'சாஜெகி' என்று பெயரே உண்டு. அதைத் தண்டிக்க 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2019-இல் 'புரொடியூஸ்' என்ற தொலைக்காட்சிப் போட்டியின் குட்டு உடைந்தது. மக்கள் காசு செலவழித்துக் குறுஞ்செய்தியில் வாக்களித்தார்கள்; முடிவை எழுதியவர்களோ நிகழ்ச்சியை நடத்தியவர்கள்! அதை இயக்கியவருக்கு 2020-இல் 2 ஆண்டுச் சிறை கிடைத்தது.

அயல்நாட்டுக் கதைதானே என்று இருந்துவிட வேண்டாம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் என்ஜாமி' நம் மண்ணின் பாட்டு. நிலமற்ற உழைப்பாளியின் பெருமூச்சைப் பாடிய அது 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. ஆனால் அதனால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் அறிவித்தார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். வழக்கு எதுவாயினும் நம் கேள்வி ஒன்றே: கோடிகளை எண்ணும் கருவி ஒருவன் கையில், வியர்வை இன்னொருவன் உடலில் என்றால், அந்தக் கோடியால் கலைஞனுக்கு என்ன பயன்? ஆலை வாயிலில் நாம் கேட்கும் கேள்வியும் இதுதானே!

தோழர்களே, நமக்கும் இதில் பாடமுண்டு. தலைவர் பேச்சை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், நம் முழக்கம் எத்தனை மணி நேரம் முதலிடத்தில் நின்றது என்று கைப்பேசியைத் தடவிக் கொண்டிருப்பதே கட்சிப் பணி எனச் சிலர் எண்ணத் தொடங்கியுள்ளனர். 2020 சூன் 20-இல் அமெரிக்காவின் துல்சா நகரில் டிரம்ப்பின் தேர்தல் கூட்டம். 10 இலட்சத்துக்கு மேல் பதிவு என்று மார்தட்டினர் அவர் தரப்பினர். வந்தவர்களோ 6,200-க்கும் குறைவு என்றது அந்நகரத் தீயணைப்புத் துறை. போகாமலே பதிவு செய்தவர்களில் நாங்களும் உண்டு என்று சிரித்தார்கள் கொரியப் பாட்டு இரசிகர்கள்! திரையில் தெரிந்த கூட்டம் திடலில் இல்லை.

எண்ணத்தான் வேண்டுமென்றால் எண்ண வேண்டியதை எண்ணுவோம். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் விடிய விடியத் தெருக்கூத்தாடும் கலைஞர்கள் எத்தனை பேர்? பம்பையும் பறையும் முழக்குவோர் எத்தனை பேர்? அவர்களில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தோர் எத்தனை பேர்? பதிவு செய்யாதோர் எவரெவர்? இந்தக் கணக்கை எந்தக் கருவியும் தராது. ஊர் ஊராக நடந்து, திண்ணையில் அமர்ந்து, படிவத்தை நிரப்பித் தரும் தோழன்தான் தருவான்.

ஒரு கோடிப் பார்வையைக் காட்டி மகிழும் தோழனைவிட, ஒரு கூத்துக் கலைஞனுக்கு வாரிய அட்டை வாங்கித் தந்த தோழனையே நாம் பெரியவன் என்போம். நாளையே புறப்படுங்கள்! காதில் கொரியப் பாட்டு ஒலித்தாலும் குற்றமில்லை. கால்கள் நம் ஊர்த் தெருவில் நடக்கட்டும்!