தொடுதிரையில் சித்திரக்கதை

"சித்திரக்கதை படிக்கும் பிள்ளை பாடப்புத்தகத்தைத் தொடாது" என்று எங்கள் பெற்றோரின் சிறுவயதில் பெரியவர்கள் சொல்வார்களாம். "கைபேசியில் விளையாடும் பிள்ளை உருப்படாது" என்று அதே பெற்றோர் இன்று எங்களிடம் சொல்கிறார்கள். இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு விளையாட்டு செய்து பார்த்தோம். முதல் முயற்சியில் தவறினோம். அந்தத் தவற்றிலிருந்து நாங்கள் அடைந்த கருத்தைத் தோழியர் முன் வைக்கவே இக்கட்டுரை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஐவர் சேர்ந்து, தொடுதிரையில் ஆடும் ஒரு விளையாட்டைச் செய்ய முடிவு செய்தோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' என்னும் இலவச மென்பொருள் எங்களுக்குக் கைகொடுத்தது. காரைக்காலில் பிறந்த எங்களுக்குக் கதையைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா வருகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மக்கள் மாங்கனிகளை இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் முண்டியடித்துப் பிடிக்கிறார்கள். பார்ப்பதற்கே ஒரு விளையாட்டுப் போல இருக்கும் அல்லவா?

எனவே மேலிருந்து விழும் மாங்கனியைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டைச் செய்தோம். ஒரு கனிக்கு 10 மதிப்பெண், மொத்தம் 60 விநாடி. சித்திரக்கதை போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக எல்லா உருவங்களுக்கும் தடித்த கறுப்புக் கோடு போட்டோம். வானத்தில் புள்ளி புள்ளியாக வண்ணம் இட்டோம். கனி விழும்போது நட்சத்திர வடிவத்துக்குள் 'டமால்' என்று எழுதினோம். பார்த்தவர்கள் எல்லாரும் "அச்சு அசல் காமிக்ஸ்!" என்று பாராட்டினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களில் ஒருத்தியின் அப்பாயி மட்டும் பாராட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டி பொண்ணுங்களா, அந்த அம்மா பேர் வாங்கினது கொடுத்ததுக்கு. நீங்க பிடிக்கிறதுக்கா மார்க்கு போடுறீங்க?" என்று கேட்டார். எங்கள் ஐவரிடமும் பதில் இல்லை.

கதை யாவரும் அறிந்ததுதான். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியது. வணிகன் பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு மனைவி புனிதவதி ஒரு கனியைப் படைக்கிறாள். மற்றதை உண்ட கணவன் இன்னொன்றும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்டுகிறாள். கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கவே அவன் உண்மையைக் கேட்கிறான். அவள் சொன்னதை நம்பாமல் "இன்னொன்று வருவித்துக் காட்டு" என்கிறான். மறுபடியும் கனி வருகிறது. அவன் கையில் வாங்கியதும் அது மறைந்து போகிறது. அஞ்சிய பரமதத்தன் கப்பலேறிப் போய்விடுகிறான். இந்தக் கதையில் ஒரு துளிகூட எங்கள் விளையாட்டில் இல்லை. சித்திரக்கதையின் சட்டையை மாட்டினோமே தவிர, கதையையே விட்டுவிட்டோம்.

அப்படியானால் சித்திரக்கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எது? இதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுப் பரண்களில் ஏறினோம். அப்பாக்கள் பத்திரப்படுத்திய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இதழ்கள் தூசியோடு கிடைத்தன. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்துக் கதையின் தமிழ் வடிவம் அது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-ல் வந்தன. சில இதழ்கள் எங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். கையில் அடங்கும் கதை என்பது கைபேசியோடு பிறந்தது என்று நினைத்திருந்த எங்களுக்கு இது வியப்பாக இருந்தது.

மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். நாங்கள் புரட்டிய ஒரு பக்கத்தில், ஒரு கட்டத்தில் அவர் மின்கம்பியைத் தொடுகிறார். அடுத்த கட்டத்தில் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அப்படியானால் அவர் மறைந்தது எந்தக் கட்டத்தில்? இரண்டிலும் இல்லை. நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில்தான் மறைந்தார். அவரை மறைய வைத்தது படிக்கிற நம் மனமே. அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993-ல் வெளியிட்ட நூலில் இந்த இடைவெளியைத்தான் இக்கலையின் உயிர்நிலையாக விளக்குகிறார்.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் ஆலயத்தில் சிலுவைப்பாதை செய்கிறோம். சுவரில் 14 நிலைகள், 14 படங்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் 1731-ல் இந்த எண்ணிக்கையை நிலைப்படுத்தினார். மூன்றாம் நிலையில் ஆண்டவர் முதல் முறை விழுகிறார். நான்காம் நிலையில் தம் தாயைச் சந்திக்கிறார். அவர் எப்படி எழுந்தார், எத்தனை அடி நடந்தார் என்று எந்தப் படத்திலும் இல்லை. முழந்தாளிலிருந்து எழுந்து, பாடிக்கொண்டு, அடுத்த படத்துக்கு நாம்தான் நடக்கிறோம். அந்தச் சில அடிகளில்தான் தியானமே நடக்கிறது. இரு படங்களுக்கு நடுவில் உள்ள வேலையைச் சித்திரக்கதையில் கண்ணும் மனமும் செய்கின்றன. சிலுவைப்பாதையில் கால்கள் செய்கின்றன. தொடுதிரையில் அதை விரல் செய்ய வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

இதை நன்கு உணர்ந்து செய்யப்பட்ட விளையாட்டுகள் இரண்டைப் பற்றி அறிந்தோம். இரண்டுமே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் பிறந்தவை. 2014-ல் வெளிவந்த 'ஃபிரேம்டு' விளையாட்டில் திரை முழுதும் சித்திரக்கதைக் கட்டங்கள் இருக்கும். காவலரிடமிருந்து ஒருவன் தப்பி ஓடுகிறான். அவனை நாம் ஓட்டுவதில்லை. கட்டங்களை விரலால் இடம் மாற்றுகிறோம். வரிசை மாறினால் முடிவும் மாறுகிறது. 2018-ல் வந்த 'ஃபுளோரன்ஸ்' ஓர் இளம்பெண்ணின் கதை. அதில் அவள் பேசுவதற்கு, பேச்சுக் குமிழைத் துண்டுகளாகப் பொருத்த வேண்டும். புதியவரிடம் பேசும்போது துண்டுகள் பல. பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. சண்டை வரும்போது துண்டுகள் கூர்மையாகிவிடுகின்றன. பேச்சு எளிதாவதையும் கடினமாவதையும் விரலே உணர்கிறது. வெறும் கோட்டையும் புள்ளியையும் கடன் வாங்கியிருந்தால் இது கைகூடியிருக்குமா?

அப்பாயி கேட்ட கேள்வியோடு நாங்கள் இரண்டாம் முறை உட்கார்ந்தோம். மதிப்பெண்ணையும் கடிகாரத்தையும் நீக்கினோம். பன்னிரண்டு கட்டங்கள் வரைந்தோம். முதலில் இரண்டு கனிகள். அடுத்து வாசலில் பசித்த அடியார். அதற்கு மேல் கதை தானாக நகராது. ஆடுபவர் ஒரு கனியை எடுத்து இலையில் வைக்க வேண்டும். வைத்த பிறகு கூடையில் ஒன்றுதான் மிச்சம் என்பது கண்ணில் படும். புனிதவதி வேண்டும் கட்டத்தில் எதைத் தட்டினாலும் பயனில்லை. விரலைத் திரையிலிருந்து எடுத்துச் சற்றுக் காத்திருந்தால்தான் கனி வரும். கடைசியில் ஆடுபவர் பரமதத்தன் ஆகிறார். கனியைப் பிடிக்க விரல் வைத்த கணமே அது மறைந்து, வெறும் உள்ளங்கை மட்டும் தெரிகிறது. அடுத்த கட்டத்தில் கடலும் ஒரு பாய்மரமும். முன்பு பிடிப்பதற்கு மதிப்பெண் கொடுத்த நாங்கள், இப்போது பிடிக்க முடியாத ஒன்றைப் பிடிக்கச் சொன்னோம்.

செய்யும்போது சிறு பாடங்கள் பல கற்றோம். புத்தகப் பக்கத்தை அப்படியே திரையில் போட்டால் எழுத்து கடுகாகிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கட்டம், மிஞ்சினால் இரண்டு கட்டமே காட்ட வேண்டும். இரு கைகளாலும் பிடித்து ஆடும்போது கட்டைவிரல்கள் கீழ்மூலைகளை மறைக்கும். ஆதலால் பேச்சுக் குமிழ்கள் மேலே இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குமிழும் பெரிதாகும். எனவே வசனத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கச் சுருக்க வசனம் நன்றாகவும் ஆயிற்று! ஒலிகளுக்கு அந்நியச் சொல்லைத் தேடவே வேண்டாம். சலசல, மடமட, கலகல என்று இரட்டைக்கிளவிகள் நம் இலக்கணப் புத்தகத்திலேயே காத்திருக்கின்றன. பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டு ஆடுபவருக்கும், காது கேளாத தோழிக்கும் கண்ணால் பார்க்கும் ஒலி எவ்வளவு உதவி!

வானத்தில் நாங்கள் இட்ட புள்ளிகளை அழித்துவிட்டோம். குறைந்த மையில் மலிவாகப் பல வண்ணச் சாயல்களை அச்சிடுவதற்காக அக்காலத்து அச்சகங்கள் கண்ட வழி அந்தப் புள்ளிகள். திரைக்கு அந்தத் தேவை கிடையாது. மின்சார அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தது போல இருந்தது எங்கள் வேலை. ஆனால் சில வண்ணங்களை மட்டும் சீராகப் பூசும் முறையை வைத்துக்கொண்டோம். அத்தகைய படங்கள் கணினியில் குறைந்த இடமே பிடிக்கும். விலை குறைந்த கைபேசியிலும் ஓடும்.

தெய்வத் திருவுருவான அம்மையாரை விளையாட்டுப் பொருளாக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். வெற்றி தோல்வி வைத்திருந்தால் கூடாது என்றே நாங்களும் சொல்வோம். புனிதர் தோற்பதாக ஒரு கட்டம் இருக்க முடியுமா? ஆனால் கதையைக் கேட்பவர் தம் கையாலும் அதைத் தொட்டு உணர்வது தவறாகாது. 2020-ல் புனே நகர இளைஞர்கள் வெளியிட்ட 'ராஜி' விளையாட்டு, பஹாரி ஓவிய முறையையும் நிழற்பாவைக் கூத்தையும் கொண்டு தெய்வக் கதைகளைச் சொல்லியிருக்கிறது. மரியாதை என்பது செய்பவர் மனத்தில் இருக்கிறது.

பெற்றோரின் கவலையையும் நாங்கள் ஒதுக்கவில்லை. பல விளையாட்டுகள் முடிவதே இல்லை. நாள்தோறும் ஒரு பரிசைக் காட்டி நம்மை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. சித்திரக்கதைக்கோ கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதில் 'முற்றும்' என்று இருக்கும். மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். சித்திரக்கதையிடமிருந்து விளையாட்டு கற்க வேண்டிய முதன்மையான பண்பு இதுவே என்று நாங்கள் துணிந்து சொல்வோம். எங்கள் விளையாட்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இறுதியாக, இவ்வளவு பாடுபடுவது யாருக்காக என்பதையும் சொல்ல வேண்டும். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் நம் காரைக்கால். இன்றும் பல வீடுகளில் சித்தப்பாவோ அத்தையோ பிரான்சில் இருக்கிறார்கள். சித்திரக்கதையை அந்நாட்டவர் ஒன்பதாவது கலை என்று போற்றுகிறார்கள். அங்கே வளரும் நம் தம்பி தங்கையர் ஆஸ்டெரிக்ஸை அறிவார்கள். அம்மையாரை அறிய மாட்டார்கள். விடுமுறையில் வந்தால் பாட்டியின் மடியில் உட்காருவார்கள், பேச மொழி இராது. கனடாவின் டொராண்டோவில் ஒரு தமிழ் இளைஞர் தம் குழுவோடு செய்து 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டு இந்தத் துயரத்தைத்தான் பேசுகிறது. கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு ஒரு தாய் இட்லியும் புட்டும் செய்கிறாள். தமிழை விட்டு விலகிப்போகும் மகனையும் காண்கிறோம். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா பரிசும் அதற்குக் கிடைத்தது. நம் வீட்டுக் கதையை உலகமே ஆடிப் பார்க்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கண்காட்சி முடிந்த பிறகு எங்கள் விளையாட்டை அப்பாயியிடம் கொடுத்தோம். பிரான்சிலிருந்து வந்திருந்த பேரன் பக்கத்தில் அமர்ந்திருந்தான். வயது ஏழு. கனி மறைந்ததும் அவன் திடுக்கிட்டு, திரையைத் திரும்பத் திரும்பத் தட்டினான். பிறகு அப்பாயியின் முகத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் ஒன்றைச் சொன்னான்: "ஏன்?"

அப்பாயி கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினார். நாங்கள் செய்த விளையாட்டுக்கு அதைவிடச் சிறந்த பரிசு வேறில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். சுவர் இன்று நம் கையிலேயே இருக்கிறது. வரையத் தெரிந்த தோழியரே, கணினி கற்ற தோழியரே, கதை கேட்டு வளர்ந்த தோழியரே, அடுத்த கட்டத்தை வரைய வாருங்கள்!

— தோழியர் நால்வரோடு,
பத்தாம் வகுப்பு மாணவி